பழவேற்காட்டுத் தரையின் உயரம்: காண்டலா, கருதலா, உரையா

நிலப்பட மென்பொருளில் ஒரு பாதையை வரைந்தால் போதும். அந்தப் பாதை நெடுகத் தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை அது ஒரு கோட்டுப்படமாகக் காட்டிவிடும். கீழ் அச்சில் தூரம், பக்க அச்சில் உயரம். கூகுள் எர்த்தில் இந்த வசதி பல ஆண்டுகளாக உண்டு; இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் 2022 முதல் கூடவே வருகிறது. பொறியாளர்கள் இதை நெடுக்குவெட்டு என்பார்கள். கொல்லிமலைக்கு ஏறும் சாலைக்கு இப்படி ஒரு நெடுக்குவெட்டு எடுத்தால் அதில் ஐயப்பட அதிகம் இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவருக்குப் படம் சொல்வதும் காது அடைப்பதும் ஒரே செய்திதான். சிக்கல் சமவெளியில் தொடங்குகிறது. கடலும் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும் இடங்களில் அது முற்றிப்போகிறது.

பழவேற்காடு ஏரி அப்படிப்பட்ட இடம். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு. தெற்கே ஆரணியாறு வந்து கலக்கும் பக்கத்தில், டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் இடிபாட்டை அடுத்த மீனவர் ஊர் கோட்டைக்குப்பம். அந்தப் பகுதியிலிருந்து பாலம் கடந்து, கலங்கரை விளக்கக் குப்பம் வழியாகக் கடற்கரை வரை ஒரு பாதையை வரைந்தால் சில கிலோமீட்டர் வரும். வழியில் குன்று கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. தெரு, தண்ணீர், பாலம், மணல், மரங்கள், கடல், அவ்வளவுதான். ஆனாலும் மென்பொருள் வரையும் கோடு சும்மா கிடப்பதில்லை. சில மீட்டர் ஏறும், சில மீட்டர் இறங்கும், மறுபடி துள்ளும்.

இந்தத் துள்ளலைப் பார்த்து ‘இங்கே மேடு, இங்கே பள்ளம்’ என்று சொல்பவர் எப்படி அறிந்தவர் ஆகிறார்? கண்டு அறிந்தாரா, கருதி அறிந்தாரா, பிறர் சொல்லக் கேட்டு அறிந்தாரா? பொறியியல் ஐயம் போலத் தோன்றும் இது, தமிழ்ச் சமய நூல்கள் முதல் வேலையாகத் தீர்த்துக்கொண்ட கேள்வி. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை சந்திக்கும் சமயக் கணக்கர்களில் முதல்வனான அளவைவாதி, அறிவைத் தரும் வழிகள் பத்தா எட்டா ஆறா என்ற கணக்கிலிருந்துதான் பேச்சை எடுக்கிறான். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் பௌத்த அளவை இரண்டே: காட்சி, அனுமானம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தலைவாசலிலேயே அளவையை வைத்தார். பிறர் சொன்ன பத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். கடவுள் உண்டா என்பதைப் பேசுமுன், எதையும் உண்டென்று சொல்ல நமக்கு என்ன தகுதி என்பதைப் பேசிவிட வேண்டும் என்ற ஒழுங்கு அது. உயரத்தைப் பற்றிப் பேசவும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

முதலில் கோடு எப்படிப் பிறக்கிறது என்பது. மென்பொருளுக்குள் நிலம் இல்லை. எண்கள் நிரம்பிய கட்டங்கள் இருக்கின்றன. பரவலாகப் பயன்படும் தரவுகளில் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் ஒரு தெரு, இரண்டு வரிசை வீடு, ஒரு வாய்க்கால், வலை உலர்த்தும் மணல் எல்லாம் அடங்கிவிடும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். பல தரவுகளில் அந்த எண்ணும் முழு மீட்டரில்தான் இருக்கும். அரை மீட்டர் என்ற பேச்சே கிடையாது. பாதை எந்தெந்தக் கட்டங்களைக் கடக்கிறதோ அந்தந்த எண்ணை எடுத்து, நடுவில் உள்ள இடைவெளியைக் கணக்கால் நிரப்பி, மென்பொருள் கோட்டை இழுக்கிறது. பிறகு திரையை நிரப்புவதற்காகச் செங்குத்து அச்சைத் தானாகவே நீட்டிக்கொள்கிறது. கொல்லிமலைக்கு ஆயிரம் மீட்டர் ஏற்றம் அடைத்துக்கொள்ளும் உயரத்தைக் கோட்டைக்குப்பத்தின் ஆறேழு மீட்டர் அடைத்துக்கொள்கிறது. இரண்டு படங்களும் கண்ணுக்கு ஒன்றுபோலவே மலைத்தொடர்களாகத் தெரியும். அச்சில் எழுதிய எண்ணைப் படிக்காதவருக்குப் பழவேற்காட்டிலும் ஒரு கொல்லிமலை கிடைக்கும்.

அடுத்தது, உயரம் எதிலிருந்து? ‘கடல்மட்டத்திலிருந்து’ என்பது பள்ளிக்கூட விடை. கடல் ஒரு மட்டத்தில் நிற்பதில்லை. சென்னைக் கரையில் பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் வேறுபாடு உண்டு. ஆகவே ஆண்டுக்கணக்காக அளந்து, சராசரி கண்டு, அதைச் சுழி என்று வைத்தார்கள். இந்திய நில அளவைத் துறை 1909இல் சமன்செய்து முடித்த மட்டவலை கராச்சி, பம்பாய், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தின் மேல் நிற்கிறது. ஒன்பது இடத்திலும் கடல் ஒரே மட்டம் என்று கொண்டது அதன் அடிப்படை. நீரோட்டமும் வெப்பமும் உப்பும் வேறுபடுவதால் அது முழு உண்மை ஆகாது. சுழி என்பது கண்டெடுத்த இடம் அன்று, உடன்பட்டு வைத்துக்கொண்ட இடம்.

செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் வேறொரு சுழியிலிருந்து கணக்குத் தொடங்குகின்றன. பூமியை வழுவழுப்பான ஒரு நீள்வட்டக் கோளமாகப் பாவித்து, அதன் மேற்பரப்பிலிருந்து அவை உயரத்தைக் கணிக்கும். ஆனால் பூமியின் ஈர்ப்பு எங்கும் சீராக இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. அங்கே கடல்மட்டமே அந்தக் கோளப் பரப்பிலிருந்து 100 மீட்டருக்கும் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழகக் கடற்கரை முழுவதும் கிடக்கிறது. ஆகையால் திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவியைக் கோட்டைக்குப்பத்துக் கரையில் வைத்தால், கால் நனையாமல் நிற்கிறவரைப் பார்த்து அது கழித்தல் குறியோடு 80 மீட்டருக்கும் மேலான எண்ணைக் காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. அதன் சுழிக்கு அது சரி.

ஒரே மணல்மேடு ஒரு கணக்கில் கடலுக்கு மேலே, இன்னொரு கணக்கில் பூச்சியத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே. இதை முரண் என்று சொல்லிவிடலாமா? சமணர் மாட்டார்கள். பொருள் பல தன்மை உடையது. எந்தக் கூற்றும் ஒரு நோக்குநிலையிலிருந்தே சொல்லப்படுகிறது. அந்த நோக்குநிலையை அவர்கள் நயம் என்பார்கள். நீலகேசி போன்ற தமிழ்ச் சமண நூல்கள் வாதிட்டுக் காக்கும் அநேகாந்தவாதம் இதுவே. ‘ஒரு வகையால் உண்டு, ஒரு வகையால் இல்லை’ என்ற அவர்களுடைய பேச்சை எதிரிகள் உறுதியற்ற பேச்சென்று எள்ளியதுண்டு. உயர அளவை அந்த எள்ளலுக்கு நல்ல மறுமொழி. நயத்தைச் சொல்லிவிட்டால் ஒவ்வொரு கூற்றும் துல்லியமானது, சரிபார்க்கத் தக்கது, பொய்யானால் பொய்யென்று காட்டத் தக்கது. நயத்தை மறைத்த கூற்றுதான் உறுதியற்றது. ‘இவ்விடம் 3 மீட்டர் உயரம்’ என்று மட்டும் எழுதிய படம், சமணர் பார்வையில், ஒருதலைக் கூற்றுக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு.

இனி எண்கள் வந்த வழி. உலகின் இலவச நிலப்படங்கள் பலவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் எடுத்த ராடார் அளவீடு. விண்ணோடத்தில் ஓர் அலைவாங்கி, அதிலிருந்து 60 மீட்டர் நீட்டிய கம்பத்தின் நுனியில் இன்னொன்று. தரையிலிருந்து திரும்பும் அலை இரண்டையும் வந்தடைவதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். பதினோரு நாள் பயணத்தில் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அளவிடப்பட்டது. இந்தியாவுக்கும் சொந்தத் தரவு உண்டு. முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்து உயரம் காணும் கார்ட்டோசாட்-1, 2005 மே 5 அன்று ஏவப்பட்டது. ஏவிய இடம் இதே ஏரியின் கிழக்குக் கரையான ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியில் நின்றபடி பார்க்கும் ராக்கெட்டுகளில் ஒன்று, அவர்கள் நிற்கும் தரையின் உயரத்தை அளக்கப் போன ராக்கெட்.

ராடாரோ கேமராவோ தரையைத் தொடுவதில்லை. எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதைத்தான் அறிகின்றன. ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் புதராக மண்டிக் கிடந்தால், அலை புதரின் மேலேயே, அல்லது புதருக்குள் பாதியிலேயே திரும்பிவிடும். கடற்கரையில் காற்றுத் தடுப்புக்கு வளர்த்த சவுக்குத் தோப்பு, நெடுக்குவெட்டில் மணற்குன்றாக எழுந்து நிற்கும். கூரைகள் நெருங்கிய தெரு, தெருவைவிட உயர்ந்த தரையாகப் பதிவாகும். பாலத்துக்கு நேர்மாறான கதி. அதன் மேல் போகிறவர் ஏறி இறங்குகிறார். தரையை மட்டும் பேசும் தரவில் அதே இடத்தில் கோடு தண்ணீரோடு தண்ணீராகப் போகிறது.

இதற்கு மேல் பிழை வரம்பு. எண்டவர் அளவீட்டுக்கு விதித்த இலக்கு, பத்தில் ஒன்பது இடங்களிலாவது பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. பின்னர் சரிபார்த்தபோது ஆசிய-ஐரோப்பியப் பரப்பில் அது சுமார் 6 மீட்டராக இருந்தது. இலக்கைவிட எவ்வளவோ மேல். மலைநாட்டுக்கு இது போதும் போதும். கோட்டைக்குப்பத்துப் பாதையின் உண்மையான ஏற்ற இறக்கம் மொத்தமுமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது திரையில் தெரியும் துள்ளலில் எது நிலம், எது பிழை என்று படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க வழியில்லை. சைக்கிளில் போகிறவருக்காக ‘மொத்த ஏற்றம்’ என்று மென்பொருள் கூட்டித் தரும் எண்ணில் இது நன்றாக வெளிப்படும். ஒவ்வொரு பொய்த் துள்ளலையும் அது ஓர் ஏற்றமாகக் கூட்டிக்கொண்டே போவதால், மிதிக்கவே சிரமமில்லாத தட்டைச் சாலையில் சிறு குன்றொன்றை ஏறிய கணக்கு வந்துவிடும். உண்மையறிவு என்பது அதை நம்பிச் செயல்படுபவரைப் பயனிடம் சேர்ப்பது என்று பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி வகுத்தார். அவருடைய சோதனையில் அந்தக் கூட்டுத்தொகை தேறாது.

இப்போது அளவைக் கேள்விக்குத் திரும்பலாம்.

திரையில் தெரியும் கோடு காண்டலின் வேடத்தில் வருகிறது. கண் பார்க்கிறது, மேடு தெரிகிறது. ஆனால் கண் கண்டது கோட்டை, மேட்டைக் காணவில்லை. காண்டலைச் சொல்லும்போது சித்தாந்த நூல்கள் ஐயத்தையும் திரிபையும் களைந்த பிறகே அதை அளவையாகக் கொள்கின்றன. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம்; கட்டையை ஆளென்றே துணிவது திரிபு. ஆறு மீட்டர் பிழை வரம்புள்ள தரவில் மூன்று மீட்டர் மேட்டைப் பார்ப்பது ஐயம். சவுக்குத் தோப்பைக் குன்றென்று கொள்வது திரிபு. இரண்டும் ஒரே படத்தில், ஒரே நிறக் கோட்டில், ஒரே தடிமனில் வரையப்பட்டிருக்கின்றன என்பதே இந்தக் கருவியின் பெரிய குறை. மனிதன் ஐயுறும்போது குரலிலாவது ஒரு தயக்கம் தெரியும். கோட்டுக்குத் தயங்கத் தெரியாது.

அப்படியானால் கருதலா? உள்ளே நடப்பது கருதல்தான். திரும்பிய அலை என்ற ஏதுவிலிருந்து தரையின் உயரம் என்ற சாத்தியத்துக்குப் போகிறது கணக்கு. புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதுபோல. மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலிகளைப் பொறுமையாக வகைப்படுத்துகிறது. அவற்றில் அநைகாந்திகத்தின் ஒரு வகை, சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது. ‘அலை இந்த உயரத்திலிருந்து திரும்பியது, ஆகவே தரை இந்த உயரத்தில் உள்ளது’ என்ற அனுமானம் வெறும் மணல்வெளியில் செல்லும். கருவேலம் புதரில் செல்லாது. ஏது இரண்டு இடத்திலும் உண்டு. தரவை உருவாக்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்; அவர்களுடைய ஆவணங்களில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். கருதல் அவர்களுடையது, அதன் வரம்பை அறிந்தவர்களும் அவர்களே.

பாதையை வரைந்து படத்தைப் பெறுகிறவர் அந்தக் கருதலைச் செய்யவில்லை. அவருக்கு ஏதுவும் தெரியாது, ஏதுவையும் முடிவையும் பிணைக்கும் தொடர்பாகிய வியாப்தியும் தெரியாது. முடிவு மட்டும் வந்து சேர்கிறது. எனவே அவரைப் பொறுத்தவரை இது உரை. விண்வெளி நிறுவனம் சொன்னதை மென்பொருள் நிறுவனம் சொல்ல, அதைக் கேட்டு நம்புகிறார். பௌத்தர், உரையும் அனுமானத்தில் அடங்கும் என்பார்கள். சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதிலிருந்து சொன்னது மெய் என்று கருதுவதால். அப்படி வைத்துக்கொண்டாலும் கேள்வி மாறவில்லை. சொன்னவர் யார்?

நியாய மரபில் நம்பத்தக்கவனை ஆப்தன் என்பார்கள். பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடி சொல்ல விரும்ப வேண்டும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதில் ஒரு துணிச்சலான சொல் சேர்த்தார்: இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது. குலமோ பட்டமோ ஆப்தனை ஆக்குவதில்லை. அறிவும் நேர்மையும் ஆக்குகின்றன. நிலப்பட மென்பொருளை இந்த இலக்கணத்தில் நிறுத்தினால் நேர்மையில் குறை சொல்ல முடியாது. அது யாரையும் ஏமாற்ற விரும்புவதில்லை. நேரே அறிதல் என்ற முதல் பாதியில் இடறுகிறது. பல மென்பொருள்களில், இந்த எண் எந்தத் தரவிலிருந்து, எந்த ஆண்டு அளவீட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பே படத்தில் கிடையாது. பேர் சொல்லாத ஆப்தனின் வாக்கை எல்லா மரபும் எளிதில் அளவையாக ஏற்றுக்கொள்வதில்லை. வேதத்துக்கு ஆசிரியன் இல்லை என்ற மீமாம்சகரும் அதற்காக நூற்றுக்கணக்கான பக்கங்கள் வாதாட வேண்டியிருந்தது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஓர் அடி உள்ளே போகிறது. காண்டல், கருதல், உரை மூன்றும் வழிகள்தான். உண்மையில் அளவை என்பது ஐயமும் திரிபும் நீங்கிய ஆன்மாவின் அறிவாற்றலே என்பது அதன் முடிபு. கண், மனம், விளக்கொளி எல்லாம் அந்த ஆற்றலுக்குத் துணைநின்று விளக்கிக் காட்டும் கருவிகள். இந்தப் பார்வையில் நிலப்பட மென்பொருள் எதையும் அறிவதில்லை. அறியாத பொருளைப் பிழை செய்தது என்று குற்றம் சாட்டவும் முடியாது. ஐயமும் திரிபும் படிப்பவரிடம் நிகழ்கின்றன. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சித்தாந்தக் கருத்து உண்டு: ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். ஐம்புலனைச் சார்ந்தால் புலனாகவே நிற்கும், அருளைச் சார்ந்தால் அருளாக நிற்கும் என்று வீடுபேற்றை விளக்கச் சொன்னது அது. கருவிக்கும் அது பொருந்திப் போவது தற்செயல் ஆகாது. நாள்முழுவதும் நெடுக்குவெட்டுகளைச் சார்ந்திருப்பவருக்கு நிலம் கட்டங்களாகவும் எண்களாகவுமே தோன்றத் தொடங்கும். கட்டத்தில் அடங்காதது அவருக்கு இல்லாததாகிவிடும்.

கோட்டைக்குப்பத்தில் கட்டத்தில் அடங்காதது எது என்றால், அந்த ஊருக்கு மிக முக்கியமான நிலம் முழுவதும். ஏரிகளையும் கடலையும் உயரத் தரவில் ஒரே எண்ணுக்குத் தட்டையாக்கிவிடுவார்கள். நீர்ப்பரப்பில் ராடார் தரும் எண் தாறுமாறாக இருக்கும் என்பதால் செய்யும் திருத்தம் அது. ஆகவே பாதை ஏரியைக் கடக்கும்போது கோடு துல்லியமான கிடைக்கோடாகிறது. படம் முழுவதிலும் மிகவும் உறுதியாகத் தெரியும் பகுதி அதுதான்; எதுவும் அளக்கப்படாத பகுதியும் அதுதான். அந்தத் தட்டைக்கு அடியில் சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்கூடக் காணாத தண்ணீரும், அதற்குள் ஓடையும் திட்டும் சேறும் மணலும் கிடக்கின்றன. ஒரு சாண் ஏற்ற இறக்கத்தில் படகு தட்டுமா போகுமா, இறால் நிற்குமா ஓடுமா என்பது மாறும்.

அந்த உயரங்களை ஊர் வேறு வழியில் வைத்திருக்கிறது. படகை ஊன்றித் தள்ளும் கழியே அளவுகோல். ஒவ்வோர் ஊன்றலிலும் ஆழமும் அடிமண்ணும் கைக்குத் தெரிகின்றன. கழி சேற்றில் இறங்குவதும் மணலில் முட்டி நிற்பதும் தோளுக்கு வேறுவேறு. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்தபடி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிமண்ணைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியின் அடித்தரையை அவ்வளவு கிட்டத்தில் அறிந்த கருவி வேறு இல்லை. அளவை நூல்களின் கணக்கில் இது மெய் என்னும் பொறியால் வரும் காண்டல். கண்ணால் வருவதற்கு அது எந்த வகையிலும் இளைத்ததில்லை.

பாடு முறை இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கட்டுகள், முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடி இடங்களைத் தங்களுக்குள் சீட்டுப் போட்டுச் சுழற்சியில் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடமும் ஒரே வரும்படி தருவதில்லை. ஆழமும் நீரோட்டமும் முகத்துவாரத்தின் தூரமும் வேறு. வேறுபாடு இருப்பதை எல்லாரும் அறிந்திருப்பதால்தான் சீட்டு வேண்டியிருக்கிறது. ஏரி உண்மையிலேயே மென்பொருள் காட்டுவதுபோல் தட்டையாக இருந்தால் பாடு முறைக்கே தேவை இருந்திருக்காது.

இதை வைத்துக்கொண்டு ‘மீனவர் அறிவு மெய், கணினி பொய்’ என்று தீர்ப்பெழுதுவது எளிது; நியாயமும் ஆகாது. மீனவருடைய அறிவிலும் பெரும்பங்கு தகப்பனும் மாமனும் சொல்லித் தந்த உரை. அதற்கும் ஒரு சுழி உண்டு. அது அன்றைய தண்ணீர். அந்த அறிவால் அருகிலுள்ள பொன்னேரி நகரத் தெருவோடு கோட்டைக்குப்பத்துத் தெருவை ஒப்பிட முடியாது. ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் எந்த ஊர் முதலில் மூழ்கும் என்பதை மாவட்டம் முழுவதற்கும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, தலைமுறை அனுபவத்தில் அப்படி ஒன்று இருந்ததில்லை. வாத்ஸ்யாயனரின் இலக்கணப்படி, ஏரியின் அடித்தரைக்கு மீனவர் ஆப்தர். மாவட்டத்தின் சரிவுக்குச் செயற்கைக்கோள் ஆப்தன். ஒருவரை மற்றவருடைய பொருளில் சாட்சிக்கு இழுப்பதில்தான் வழு வருகிறது.

அந்த வழு வெறும் நூல்வாதத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பைச் சேர்ந்த ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் 2019இல் எண்டவர் தரவின் மேல்நோக்கிய பிழையைத் திருத்திப் பார்த்தார்கள். உலகக் கடலோரங்களில் வெள்ள அபாயத்தில் இருக்கும் மக்கள்தொகை முந்தைய மதிப்பீட்டைப்போல் ஏறத்தாழ மும்மடங்காக உயர்ந்தது. மரமும் கூரையும் தரையாகக் கணக்கில் ஏறியிருந்ததால், கோடிக்கணக்கானவர்கள் தாளில் பாதுகாப்பான உயரத்தில் இருந்தார்கள். நம் கடலோரத்தில் 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் அபாயக் கோடு வரைந்தபோது, நில அளவைத் துறை விண்வெளித் தரவோடு நிற்காமல் விமானத்திலிருந்து படமெடுத்துச் சமவுயரக் கோடு போட்டது. புயல் காப்பகத்துக்கு மேடு தேடும்போதோ, வடிகாலுக்குச் சரிவு பார்க்கும்போதோ மூன்று மீட்டர் பிழை என்பது வீட்டுக்குள் கழுத்தளவைத் தாண்டிய தண்ணீர்.

சமவெளிக் கடலோரத்தில் நெடுக்குவெட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. பொன்னேரியிலிருந்து கடல்வரை நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பல கட்டங்களின் சராசரியில் அது ஒழுங்காகவே சொல்லும். தனித்தனிக் கட்டத்தின் தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வேறுபாட்டை அதனிடம் கேட்கக் கூடாது. அதற்கு மட்டக்குறியிலிருந்து மட்டக்கருவியும் அளவுகோலுமாக நடந்தே போக வேண்டும், அல்லது நிலைய ஒப்பீட்டோடு கூடிய ஜிபிஎஸ் வேண்டும். படத்தோடு சுழி எது, தரவு யாருடையது, பிழை எவ்வளவு என்று எழுதிவிட்டால் ஐயம் ஐயமாகவே தெரியும், திரிபாக முற்றாது.

எழுத வேண்டியது இன்னொன்றும் உண்டு, தேதி. பௌத்தர் எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து தோன்றுவதென்பார்கள். மலைநாட்டில் அதை நம்பக் கொஞ்சம் முயற்சி வேண்டும், பழவேற்காட்டு முகத்துவாரத்தில் வேண்டியதில்லை. கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைபடுகிறது. மழைவெள்ளம் உடைத்துத் திறக்கிறது. சில ஆண்டுகளில் மீனவர்களே கூடி வெட்டுகிறார்கள், சில ஆண்டுகளில் அரசு தூர்வாருகிறது. திறப்பு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. எண்டவர் அதன் மேல் பறந்தது 2000 பிப்ரவரியில். அந்தத் தரவு பொய்யில்லை. அந்தப் பதினோரு நாட்களைப் பற்றிய கூற்று அது. முகத்துவாரத்தின் குறுக்கே ஒரு பாதையை வரைந்து நெடுக்குவெட்டு கேட்டால் மென்பொருள் எப்போதும் ஒரே கோட்டைத்தான் தரும். வாய் அடைபட்ட மாதத்தில் அந்தப் பாதையில் நடந்து போகலாம். திறந்த மாதத்தில் படகு வேண்டும்.